நீங்களே சொல்லுங்கோ

அவருக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. ஒரு ஆளைப் பற்றி நாம் ஏதாவது முடிவெடுத்துவிட்டால், அந்த ஆளுக்கே போனைப் போட்டு, மணி அடிக்க ஆரம்பித்ததும் நம் கையில் கொடுத்துவிடுவார். "நீங்களே சொல்லுங்கோ" என்பார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்துகொள்வார். நாம் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். கெட்ட பழக்கம் என்று நான் வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அதை நல்ல பழக்கம் என்று மெச்சுகிறவர்கள் யாரும் அந்தப் போனைக் கையில் வாங்கியவர்கள் இல்லை.

ஆபீசில் எல்லாருக்கும் அவர் அக்கா. வெள்ளைக்காரர்களுக்கும் அக்காதான். அதுதான் அவருடைய பெயர் என்று அவர்களில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர். வெயிலோ குளிரோ, ஒரே கறுப்புக் கம்பளி ஜாக்கெட். மத்தியானம் புட்டும் டின் மீன் குழம்பும் கொண்டுவந்து, மைக்ரோவேவில் சுட வைத்து, மாடி முழுக்க மணக்க மணக்கச் சாப்பிடுவார். யாராவது மூக்கைச் சுளித்தால் அவருக்கும் ஒரு கரண்டி போகும்.

எங்கள் கம்பெனி நியூசிலாந்தில், மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. உகாண்டாவில் பாங்க் வாசலை மிதிக்க முடியாத சின்னக் கடைக்காரர்கள் சரக்கு வாங்குவதற்குப் போன் வழியாகவே கடன் கொடுக்கிற ஸ்டார்ட்அப். முதலாளி கிரெக், பால்பண்ணைக்காரர்களுக்கு சாஃப்ட்வேர் விற்றுச் சம்பாதித்தவர். ஒரு தடவை உகாண்டாவுக்குச் சுற்றுலா போய்விட்டு வந்ததும் இந்த யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. நமக்குச் சாயங்காலம் ஆகும்போது அங்கே கடை திறப்பார்கள். அதனால் நாங்கள் மத்தியானம் வந்து ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்குப் போவோம். கடைக்காரர் போனில் பணம் வருகிற போகிற கணக்கைப் பார்த்து, யாருக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று சொல்கிற வேலை எனக்கும் மாலினிக்கும். மாலினி மலேசியத் தமிழ்ப் பெண். எங்கள் இருவருக்கும் மேலே அக்கா.

என் விசா அந்தக் கம்பெனியோடு சேர்த்துக் கட்டியது. வேலை போனால் விசா போகும். வேறு ஒரு கம்பெனி கிடைத்து அவர்கள் பெயருக்கு மாற்றினால் உண்டு, இல்லாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். வெஸ்ட்கேட்டில் வாடகை வீடு. மனைவி சுகன்யா. அவள் உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்த நாளிலிருந்து நான் கிரெக் இருமினால்கூடத் திரும்பிப் பார்ப்பேன்.

சேர்ந்த புதிதிலேயே என் கைக்குப் போன் வந்துவிட்டது. சப்பாத்திக்குள் முட்டையைச் சுருட்டி விற்கிற ஒருவர் கடன் கேட்டிருந்தார். மழைக்காலத்தில் அவருக்கு வியாபாரம் அப்படியே படுத்துவிடுகிறது என்று கணக்கு காட்டியது. வேண்டாம் என்று தட்டிவிட்டேன். மறுப்புச் செய்தி தானாக அவருக்குப் போய்விடும், எனக்கு அடுத்த வேலை. அப்படித்தான் நினைத்தேன். அக்கா வந்து நின்று, திரையை ஒரு பார்வை பார்த்து, செய்தியை நிறுத்திவிட்டு அவருக்குப் போன் போட்டார். நான் "சிஸ்டம் ஒத்துக்கவில்லை" என்று இங்கிலீஷில் ஆரம்பித்தேன். அக்கா தலையை ஆட்டினார். சிஸ்டம் என்ற சொல் கூடாதாம். நான்தான் வேண்டாம் என்று சொன்னேன், இதனால் சொன்னேன், என்று சொல்ல வேண்டுமாம். சொன்னேன். அந்த மனிதர் சரி என்று சொல்லி வைத்துவிட்டார். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இதைக் கேட்டதும் பாவம், இளகிய மனசுக்காரி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போனில் எதிராளி அழுதாலும் அக்கா முடிவை மாற்றவே மாட்டார். சொல்லப்போனால் கம்ப்யூட்டர் சரி என்றதில்கூடப் பலதை அவர் வேண்டாம் என்றிருக்கிறார். கொடுப்பதா இல்லையா என்பது ஒரு பேச்சு, அதை யார் வாயால் சொல்வது என்பது இன்னொரு பேச்சு. இரண்டாவது பேச்சில்தான் அவர் பிசாசு.

கிரெக்கும் தப்பவில்லை. கம்பாலாவில் எங்களுக்காகக் கடைகடையாக அலைந்துகொண்டிருந்த ஒருவரை வேலையிலிருந்து நிறுத்திவிட கிரெக் முடிவு செய்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு ஈமெயிலைத் தட்டிவிட்டுக் கடற்கரை வீட்டுக்குக் கிளம்புவதாக இருந்தார். கார்ச் சாவி கையில் சுழன்றுகொண்டிருந்தது. அக்கா அவர் முன்னாலேயே நம்பரைப் போட்டு நீட்டினார். கிரெக்கின் கழுத்து வரைக்கும் சிவந்தது. திங்கட்கிழமை பார்க்கலாமே என்று முனகினார். அதற்குள் அந்தப் பக்கம் ஆள் ஹலோ சொல்லிவிட்டார். சொல்லி முடித்துக் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போன கிரெக், அக்காவைப் போல ஒரு ஆள் கம்பெனிக்குக் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னார். சொன்னபோது முகத்தில் அதிர்ஷ்டத்தைக் காணோம்.

கோயிலிலும் இதே கதைதான். அன்னதானக் கூடத்தில் ஒரு மாப்பிள்ளை வீட்டார், பேசி முடித்த சம்பந்தத்தை விட்டுவிடுவது என்று தங்களுக்குள் தீர்மானித்திருக்கிறார்கள். சாதகம் பொருந்தவில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பலாம் என்று யோசனை. பக்கத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்த அக்கா, பெண்ணின் தாய்க்கே போன் போட்டு மாப்பிள்ளையின் தாயிடம் நீட்டிவிட்டார். பிறகு நடந்ததை எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால், அடிபிடி ஒன்றுதான் பாக்கி. அன்றிலிருந்து அவர் தட்டோடு வந்தால் அந்த மேசைக்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவார். நான் ஒருநாள் பரிதாபப்பட்டுக் கேட்டதற்கு, நல்லதுதானே, சோறு ஆறாமல் சாப்பிடலாம் என்றார்.

அவர் வீடும் வெஸ்ட்கேட் பக்கம்தான். வேலை முடிந்ததும் தன் பழைய டொயோட்டாவில் என்னை ஏற்றிக்கொண்டு வருவார். மோட்டார்வேயில் நெரிசலில் ஊர்ந்த ஒரு நாள், இந்தப் பழக்கம் எங்கே பிடித்தது என்று வாயைக் கொடுத்துப் பார்த்தேன். முன்னால் போகிற லாரியைப் பார்த்தபடி சொன்னார். முன்பு அவர் இதே ஊரில், பாட்டனி டவுன்ஸில் ஒரு பாங்கில் கடன் பிரிவில் இருந்தாராம். அந்தப் பக்கத்தில் டெய்ரி என்கிற தெருமுனை மளிகைக்கடை வைத்திருந்த ஒரு குஜராத்திக்காரர் பெரிய கடைக்கு மாறக் கடன் கேட்டிருந்தார். இல்லை என்று முடிவாகிக் கடிதம் தபாலில் போய்விட்டது. அது கைக்குப் போய்ச் சேருவதற்குள், கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் அந்த மனிதர் பேடா டப்பாவோடு பாங்குக்கு வந்துவிட்டார். ஒவ்வொரு மேசையாகப் போய் நீட்டியிருக்கிறார்.

"எனக்குத் தெரியும், தம்பி. தெரிஞ்சுகொண்டு நான் அந்தப் பேடாவை எடுத்துத் திண்டனான்."

நான் ரேடியோவைத் திருகினேன்.

எனக்கு அவர் மேல் பிரியம் இருந்தது. அதே அளவுக்கு எரிச்சலும் இருந்தது. நான் கோபிசெட்டிபாளையத்துக்காரன். எங்கள் பக்கத்தில் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்கிற வழக்கமே கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடம் வர முடியாது என்று சொல்வோமா? "வந்துட்டாப் போச்சுங்க" என்போம். வைத்தவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும், யார் மனசும் நோகாது. கடன் கேட்டு வந்தவரிடம் வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்போம். அவர் காப்பி குடித்துவிட்டுப் போய் வேறு இடம் பார்த்துக்கொள்வார். இது ஒரு நாகரிகம். உகாண்டாவிலும் இந்த நாகரிகம் இருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

ஜிஞ்சா பக்கத்தில் கிரேஸ் என்று ஒரு அம்மாள், பள்ளிச் சீருடை தைத்து விற்கிறவர். எங்களிடம் பழைய வாடிக்கை. பள்ளி திறப்பதற்கு முன்னால் துணி எடுக்க வழக்கத்தைவிடப் பெரிய கடனாகக் கேட்டார். பெரிய கடன் எல்லாவற்றையும் கிரெக் நிறுத்தியிருந்த நேரம். அக்கா அன்றைக்குப் பல் வைத்தியரிடம் போயிருந்தார். போனில் அந்த அம்மாள் முதலில் சுகன்யாவைப் பற்றி விசாரித்தார், குழந்தைக்கு என்ன பெயர் யோசித்திருக்கிறீர்கள் என்றார். இல்லை என்று எந்த வாயால் சொல்வது? கொஞ்சம் பொறுங்கள், மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். மேலே கேட்க ஒன்றும் இல்லை. டயர் கடைக்கு மேலே நாங்கள், எங்களுக்கு மேலே தகரக்கூரை.

அவர் பொறுத்திருந்தார். நானும் அவராகப் புரிந்துகொள்வார் என்று இருந்தேன். பள்ளி திறந்த பிறகு அவரே கூப்பிட்டார். எடுத்தது அக்கா. கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார், போன் என் கைக்கு வந்தது, நாற்காலியும் வந்தது. கிரேஸ் திட்டவில்லை. ஊரில் துணி வியாபாரி ஒருவர் தவணைக்குத் துணி தர வந்தாராம். எங்களிடமிருந்து கடன் வரும் என்று இவர் அவரைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். இப்போது அடுத்த தெருக் கடைக்காரர் பள்ளி முழுவதற்கும் உடுப்புக் கொடுத்துவிட்டாராம். அவர் கேட்டது ஒன்றுதான்: அன்றைக்கே உனக்குத் தெரியுமா? நான் தெரியும் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

நான் அக்காவிடம் சண்டைக்குப் போனேன். அந்த அம்மாள் மனசு நோகக்கூடாது என்றுதானே அப்படிச் சொன்னேன், அது ஒரு குற்றமா என்று குரலை உயர்த்தினேன். மாலினி ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். அக்கா தன் குரலை உயர்த்தவே இல்லை.

"நீங்கள் அவவுக்கு இரக்கப்படேல்ல, தம்பி. உங்களுக்குத்தான் இரக்கப்பட்டனீங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. சில நாள் அவர் காரில் ஏறவில்லை, பஸ் மாறி மாறி வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், ஒரு இல்லையைச் சொல்லக் கொஞ்சம் தள்ளிப்போடுவது கொலைக்குற்றம் ஆகாது. அக்கா அப்படி நினைக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு ஒரு மழை நாளில் பஸ் நிறுத்தத்தில் காரை நிறுத்தி ஹாரன் அடித்தார். ஏறிக்கொண்டேன்.

அதற்கப்புறம் கம்பெனிக்குப் பணம் போடுவதாக இருந்தவர்கள் பின்வாங்கினார்கள். காப்பி மெஷின் முதலில் போனது, பிறகு கூட்டிப் பெருக்க வருகிறவர். ஒருநாள் கிரெக் எங்களைக் கூப்பிட்டு, மாலினியும் நானும் செய்கிற வேலைக்கு இனி ஒரு ஆள்தான் என்றார். யார் என்பதை அக்கா சொல்லுவார் என்றார். சொல்லிவிட்டு அக்காவைப் பார்க்காமல் கண்ணாடிக் கதவுக்குள் போய்விட்டார்.

அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாலினியும் நானும் ஒருவருக்கொருவர் கதவைத் திறந்துவிட்டோம், தேவைக்கு மேல் நன்றி சொன்னோம். அவள்தான் ஒருநாள் மாடிப்படிப் பக்கத்தில் நின்று என்னைத் தேற்றினாள். "உங்களைத்தான்லா வெச்சுக்குவாங்க. எனக்கு இங்க ரெசிடென்ஸ் இருக்கு, வீட்டுக்காரரு வேலைக்குப் போறாரு. உங்களுக்கு விசா இருக்கே, பாப்பா வேற வருது." நானும் அதையேதான் ராத்திரியும் பகலும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். சுகன்யாவுக்கு ஏழாம் மாதம். பிரசவத்துக்கு என் அப்பாவும் அம்மாவும் வருவதாக டிக்கெட் எடுத்தாயிற்று. கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. நியூசிலாந்து போகிறேன் என்று டெப்போ முழுக்கச் சொல்லி, இரண்டு ஸ்வெட்டர் வாங்கி மடித்து வைத்திருந்தார்.

அக்கா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கம்போலக் காரில் ஏற்றினார், இறக்கினார். குழந்தை பெற்ற பிறகு சாப்பிடுவதற்கு என்று பத்தியச் சரக்கு இடித்து ஒரு போத்தலில் போட்டு, எவ்வளவு போட வேண்டும் என்று சொல்லிச் சுகன்யாவுக்குக் கொடுத்தனுப்பினார். சுகன்யா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, அனுப்பப் போகிறவர்கள் இதையெல்லாம் கொடுப்பார்களா என்றாள். நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்குத்தான் சிரித்தோம்.

சனிக்கிழமை மத்தியானம் அந்தப் பழைய டொயோட்டா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது. அக்கா உடனே இறங்கவில்லை. நான் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். சுகன்யா வயிற்றைப் பிடித்துக்கொண்டு டீ கொண்டுவந்து வைத்தாள்.

"தேத்தண்ணி பிறகு, பிள்ளை. முதல் சொல்லிப்போட்டுக் குடிக்கிறன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களைத்தான் நிப்பாட்டுறம். கிரெக் இல்லை, நான்தான் முடிவெடுத்தனான். திங்கட்கிழமை கடிதம் வரும். அதுக்கு முன்னம் நான் வரவேணும் எண்டு வந்தனான்."

சுகன்யாதான் பேசினாள். ஏன் இவர் என்று கேட்டாள். மாலினி கடைக்காரருக்கு முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வாள், இவருக்கு அது வராது, இந்த வேலையே அதுதான் என்றார் அக்கா. இவருடைய விசா என்ன ஆகும் என்று தெரியுமா என்றாள் சுகன்யா. தெரியும், தெரிந்துதான் எடுத்தேன் என்றார். நான் விசாவைப் பார்த்து ஆளை வைத்தால், அந்தப் பக்கம் போன் எடுக்கிற சனத்துக்கு என்ன பதில் என்றார். தெரிந்த கம்பெனிகளில் எல்லாம் சொல்லிப் பார்ப்பாராம். ஆனால் கிடைக்கும் என்று வாக்குக் கொடுக்க மாட்டாராம்.

ஒரு பேச்சுக்காவது கிடைத்துவிடும் என்று சொன்னால் என்ன? அந்த நிமிஷத்தில் எனக்கு அவர் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல இருந்தது.

சுகன்யா பேச்சை நிறுத்தினாள். மேசையில் இருந்த என் போனை எடுத்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரிவதற்குள் ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் கேட்டது. அங்கே காலை நேரம். மாமா, இவங்க ஆபீஸ் அக்கா வந்திருக்காங்க, உங்ககிட்டப் பேசணுமாம் என்றாள். போனை அக்காவின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"நீங்களே சொல்லுங்க."

வேண்டாம் சுகன்யா என்றேன். அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அக்கா அசையாமல் இருந்தார். அவர் தயங்கி நான் பார்த்ததில்லை, அன்றைக்குப் பார்த்தேன். உள்ளங்கையை ஜாக்கெட்டில் துடைத்தார், எழுந்து நின்றார், போனை வாங்கினார்.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நீங்கதானுங்களா அது, பையன் தினமும் உங்களைப் பத்தித்தான் பேசுவானுங்க, கார்லயெல்லாம் ஏத்திக்கிட்டுப் போறீங்களாம், நாங்க அங்க வந்ததும் உங்க வீட்டுக்குத்தான் முதல்ல வரணும்னு இருக்கோமுங்க என்று நிறுத்தாமல் பேசினார். அக்கா கண்ணை மூடித் திறந்தார்.

"ஐயா, ஒரு கெட்ட சேதி. உங்கட மகனை வேலையிலயிருந்து நிப்பாட்டுறம். முடிவெடுத்தது நான்."

டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சரியா விளங்கலைங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

அவர் இன்னொரு முறை சொன்னார். இந்த முறை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. ஒரு சொல்லையும் குறைக்கவில்லை. அப்பா, பையன் ஏதாவது தப்புத் தண்டா பண்ணிவிட்டானா என்று கேட்டார். களவு பொய் ஒன்றும் இல்லை, இந்த வேலைக்கு அவர் சரிவரவில்லை என்றார் அக்கா. நாங்க டிக்கெட் என்று அப்பா ஆரம்பித்தார், அப்படியே விட்டுவிட்டார். சுகன்யா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பையன் பக்கத்துல இருக்கானுங்களா?"

"ஓம், இருக்கிறார்."

"அழுவுறானா?"

நான் இரண்டு கையையும் ஆட்டினேன். இல்லை என்று சொல்லச் சொல்லித் தலையை ஆட்டினேன், வாயைப் பொத்திக்கொண்டேன். வேலை போகட்டும், விசா போகட்டும், இது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணும் நிறைந்துதான் இருந்தது.

"ஓம், ஐயா. அழுகிறார்."